ஏழு சொட்டு எண்ணெய்

பிரேக் இன்ஸ்பெக்டர் அருள்நாதன் காரைப் பரிசோதிக்கும் விதமே தனி. பிரேக்கை மிதித்துப் பார்ப்பார். ஹாரனை அடித்துப் பார்ப்பார். விளக்கைப் போட்டுப் பார்ப்பார். எல்லாம் முடிந்ததும் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினுக்கு அடியில் தள்ளச் சொல்வார். பிறகு வேப்பமரத்தடிக்குப் போய் ஒரு டீ குடிப்பார். நிதானமாக, ஊதி ஊதி. டம்ளர் காலியானதும் திரும்பி வந்து தாளை இழுத்துப் பார்ப்பார்.

அந்தத் தாள்தான் தீர்ப்பு.

1962 ஏப்ரல் மாதத்து முதல் வியாழக்கிழமை. திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத் திடலில், எம்.டி.யு. 417 என்ற பழைய திறந்த காருக்கு அடியிலிருந்து வெளியே வந்த தாளில் ஏழு சொட்டுகள் இருந்தன. கறுப்பாக, வட்டமாக, பளபளப்பாக.

"ஏழு" என்றார் அருள்நாதன், எண்ணி முடித்துவிட்டு. "நர்ஸம்மா, வண்டி நல்லாத்தான் இருக்கு. பிரேக் பிடிக்குது. அதோ, இஞ்சின் மேலே அந்தப் பித்தளை மூடி... யார் செஞ்சது? பிரமாதம்! ஆனா ஏழு சொட்டு. இந்த எண்ணெய் பின்னால போய் கிளட்சுல ஏறுச்சுன்னா, மேட்டுல வண்டி முன்னால போகாது. பின்னால வரும். நாளைக்கு நீங்களே இதுல ஒரு புள்ளத்தாச்சியை ஏத்திட்டு வருவீங்க. யோசிச்சுப் பாருங்க. அடுத்த மாசம் முதல் வியாழன் வாங்க."

நர்ஸ் தாஹிரா வெள்ளைச் சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு தாளையே பார்த்தாள்.

அவளுக்குப் பின்னால் நின்ற அண்ணன் அப்துல் சுக்கூர்தான் பதில் சொன்னார். பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப் நடத்துகிறவர். குரல் எப்போதும் இரண்டு ஆள் குரல்.

"ஏழாம்ல, ஏழு! நான் இது பாஸாகும்னு நெனச்சு வரலம்மா. நீ அழுதா கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்."

"நான் அழலேண்ணே."

"சரி, அப்ப கேட்டுக்க. மழைக்கு முன்னாடி தோல் பதம்போடுற ஆவாரம்பட்டை மூட்டையெல்லாம் அடுக்க எனக்கு வண்டி நிக்கிற அந்த ஷெட்டு வேணும். அடுத்த மாசம் மூணாந்தேதி பாஸாச்சுன்னா வண்டியும் உனக்கு, ஷெட்டும் உனக்கு. ஆகலேன்னா மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில மதுரைலேருந்து வண்டி உடைக்கிறவன் லாரி வரும். சொல்லியாச்சு அவன்கிட்ட."

"அத்தாவோட வண்டிண்ணே அது."

"அதனாலதான் சொல்றேன். அவரு போனதுலேருந்து அவரு பேரைச் சொல்லிக்கிட்டு அது ஒன்பது வருஷமா துருப்பிடிச்சு நிக்கிறதை என்னால பாக்க முடியல."

இருபத்தெட்டு நாள். அவ்வளவுதான்.

தாஹிராவுக்கு அந்த வண்டி ஏன் வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள, பேகம்பூரிலிருந்து சின்னாளப்பட்டிக்கு ஒருமுறை குதிரைவண்டியில் போய்ப் பார்க்க வேண்டும். ஏழு மைல். குதிரைக்கு மனசிருந்தால் ஒன்றேகால் மணி நேரம். மருத்துவச்சிப் படிப்பு முடித்து வந்த இரண்டு வருஷத்தில் அவளை அழைக்க எத்தனையோ ஆட்கள் மூச்சிரைக்க ஓடி வந்திருக்கிறார்கள். அவள் போய் இறங்கும்போது பெரும்பாலும் குழந்தை பிறந்து பால் குடித்துக்கொண்டிருக்கும். அது நல்ல நாள். கெட்ட நாட்களைப் பற்றி தாஹிரா யாரிடமும் பேசுவதில்லை.

*

வண்டியை உயிர்ப்பித்தவர் சூசைமாணிக்கம். தோல் ஷாப்பின் மதிலை ஒட்டித்தான் அவருடைய பட்டறை. நாலு வருஷம் முன்புவரை அவர் பூட்டுக்காரர். திண்டுக்கல் பூட்டு என்றால் சும்மாவா? சூசைமாணிக்கம் செய்த பூட்டின் மூடித் தகட்டுக்கும் உடம்புக்கும் இடையில் ஒரு தலைமுடியைச் செருக முடியாது. செருகிக் காட்டுகிறவனுக்குப் பூட்டு இலவசம் என்று சந்தையில் சவால் விட்டவர். இடைவெளி என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு உடம்பு கூசும்.

கார் மோகம் பிடித்து மெக்கானிக் ஆனாரே தவிர, கை என்னவோ பூட்டுக்காரர் கைதான். எம்.டி.யு. 417-ஐப் பட்டை மூட்டைகளுக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்தபோது, இஞ்சினில் எண்ணெய் ஊற்றும் குழாய்க்கு ஒரு தகர மூடி இருந்தது. நசுங்கிப் போய், ஆட்டம் கண்டு, சுற்றிலும் பொத்தலாக, உள்ளே துருப்பிடித்த கம்பிச் சுருளோடு. சூசைமாணிக்கம் அதை இரண்டு விரலால் எலியைத் தூக்குவதுபோல் தூக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தார். அந்த இடத்துக்குப் பித்தளையில் மூடி செய்தார். மரை வெட்டி, திருகிப் பூட்டும் மூடி. மூன்றரைச் சுற்று. இறுகினால் இறுகினதுதான். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி நுழையும் ஓட்டைக்குக்கூட ஒரு தோல் வாஷர் போட்டு அடைத்தார்.

அப்படிப்பட்டவர் வண்டியில் ஏழு சொட்டு!

"நர்ஸம்மா, இது கசிவில்லே, எனக்கு நேந்த அவமானம்" என்றார் மறுநாள் காலை. "திருடன் எந்த வழியா வாரான்னு பாத்துப்புடுறேன்."

முதலில் இஞ்சினை மண்ணெண்ணெய் விட்டு மணப்பெண்ணைக் குளிப்பாட்டுவதுபோல் கழுவினார். துடைத்தார். சைக்கிள் கடையில் டியூபுக்குப் போடும் வெள்ளைப் பவுடரை வாங்கி வந்து இஞ்சின் முழுவதும் தூவினார். தோல் ஷாப்பில் பட்டை சுமக்கும் பேச்சாயி கூடையோடு நின்றுவிட்டாள்.

"என்ன மேஸ்திரி, வண்டிக்குப் பவுடரெல்லாம் போடுறீக? மாப்ள வீட்டுக்காரவுக வாராகளா?"

"நீ பட்டையைப் பாரு, போ."

"மூக்கு ஒழுகுற பொண்ணை எவன் கட்டுவான்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இஞ்சினை ஓடவிட்டார்கள். பத்து நிமிஷம். நிறுத்தி, இருவரும் குனிந்து பார்த்தார்கள். வெள்ளைப் பவுடரின் நடுவே ஒரு கறுப்புக் கோடு. இஞ்சினின் பக்கவாட்டில், வால்வுகளை மூடியிருக்கும் தகட்டின் கீழ் விளிம்பிலிருந்து அது இறங்கியிருந்தது.

"அகப்பட்டுக்கிட்டான்!" என்று தொடையைத் தட்டினார் சூசைமாணிக்கம்.

தகட்டைக் கழற்றினார். பூட்டுப் பட்டறை வழக்கப்படி விளக்குக் கரியை அதன் விளிம்பில் தடவி, இஞ்சினோடு பொருத்தி எடுத்தார். கரி ஒட்டிய இடம் மேடு, ஒட்டாத இடம் பள்ளம். மேட்டை அரத்தால் ராவினார். மறுபடி கரி, மறுபடி அரம். இரண்டு நாள் இதே வேலை. சுக்கூர் பாயிடமிருந்து மெல்லிய ஆட்டுத்தோல் ஒன்று வாங்கி, விளக்கெண்ணெயில் ஊறவைத்து, தகட்டின் அளவுக்கு வெட்டி, பேக்கிங் வைத்து முறுக்கினார். கழுவினார், பவுடர் தூவினார், ஓட்டினார்.

பக்கவாட்டில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. இஞ்சினின் முன்பக்க மூடியிலிருந்து புதுக்கோடு ஒன்று இறங்கியிருந்தது.

"வீடு மாறிட்டான்" என்றாள் தாஹிரா.

முன்பக்க மூடிக்கு ஒரு வாரம் ஆனது. அங்கே கம்பளித் துணியில் வளையம் வெட்டி வைத்தார். அதுவும் நின்றது. நின்றதும், பின்பக்கம் ஒழுக ஆரம்பித்தது. இஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்கின் பின்முனையில், கிளட்சுக்குப் பக்கத்தில். அதாவது அருள்நாதன் எங்கே வரக்கூடாது என்று சொன்னாரோ, சரியாக அங்கே.

அன்று மதிலுக்கு மேல் சுக்கூரின் தலை தெரிந்தது.

"ஏலே பூட்டு! எம்புட்டு தூரம்?"

"முன்னால நின்னுபோச்சு பாய். பின்னாலதான் கொஞ்சம்..."

"நீ அடைக்க அடைக்க அது ஊரைச் சுத்திக்கிட்டிருக்கு. என் தோல்ல பாதி உன் வண்டிக்குள்ள போயிருச்சு. இன்னும் ரெண்டு தோல் போட்டா வண்டி ஆடு மாதிரி கத்தும்!"

தலை மறைந்தது. சூசைமாணிக்கத்தின் முகம் சிவந்தது. அன்றே கியர் பெட்டியை இறக்கினார். பின்முனையில் காரீயப் பொடி தேய்த்த கயிற்றைச் சுற்றி, தட்டி இறக்கி, அதன்மேல் தோல் வளையம் வைத்தார். நாலு நாள் தரையில் மல்லாந்து கிடந்தே வேலை. தாஹிரா ஆஸ்பத்திரிக் கத்தரிக்கோலால் தோலை வெட்டிக் கொடுத்தாள். அவள் கை ஒரு நூல்கூட விலகாமல் வட்டம் போடுவதைப் பார்த்து, "நீங்க பூட்டு செய்யப் போயிருக்கணும் நர்ஸம்மா" என்றார். அவர் வாயிலிருந்து வருகிற அதிகபட்சப் பாராட்டு அது.

மே இரண்டாம் தேதி, புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி. இஞ்சின் ஐந்து நிமிஷம் ஓடியது. சூசைமாணிக்கம் அருள்நாதனைப் போலவே செய்தித்தாள் விரித்துப் பார்த்தார்.

தாள் வெள்ளையாக இருந்தது.

"செத்தான் திருடன்!" என்று கத்தினார். பேச்சாயி கூடையை இறக்கிவிட்டுக் கை தட்டினாள். தாஹிரா சிரித்தாள். அந்த இருபத்தேழு நாளில் அவள் பல்லைக் காட்டிச் சிரித்தது அப்போதுதான்.

*

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சின்னாளப்பட்டி போக வேண்டியிருந்தது. அங்கே நெசவுக்காரர் வீட்டுச் சுந்தரம்மாளுக்கு நாள் நெருங்கிவிட்டது. தலைச்சன் பிள்ளை. ஒரு நடை பார்த்துவிட்டு அப்படியே திடலுக்குப் போய்விடலாம் என்றாள் தாஹிரா. முன்னால் 'டிரயல்' என்று எழுதிய சிவப்புத் தகட்டைக் கட்டிக்கொண்டு, அவள் ஓட்ட, சூசைமாணிக்கம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மதுரை ரோட்டில் வண்டி பாடிக்கொண்டே போனது. தண்ணீர்க்குடம் சுமந்து வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். "ஏய், பொம்பள ஓட்டுதுடி!" என்று ஒருத்தி கத்தியது காற்றோடு வந்தது. பதினெட்டு நிமிஷத்தில் சின்னாளப்பட்டி!

சுந்தரம்மாளின் வயிற்றில், புனல் மாதிரி இருக்கும் தன் மரக்குழலை வைத்துக் காது கொடுத்துக் கேட்டாள் தாஹிரா. குழந்தையின் நெஞ்சு டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. "இன்னிக்கோ நாளைக்கோதான். வலி எடுத்ததும் ஆளை அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

திரும்பி வரும்போது வெயில் ஏறியிருந்தது. வண்டியை இன்னும் கொஞ்சம் விரட்டினாள். திடலுக்குள் நுழைந்து, வரிசையில் நின்ற இரண்டு லாரிக்கும் ஒரு பஸ்ஸுக்கும் பின்னால் நிறுத்தினாள். இஞ்சினை அணைக்கவில்லை.

சூசைமாணிக்கம் மீசையைத் தடவிக்கொண்டே இறங்கினார். சும்மா ஒரு பார்வைக்காகக் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

"என்னண்ணே?"

தாஹிரா இறங்கி வந்து பார்த்தாள். மண்ணில் ஒரு தேங்காய்ச் சில் அளவுக்குக் கறுப்பு ஈரம். அதன்மேல் சொட்டு, சொட்டு, சொட்டு. பக்கத்திலிருந்து, முன்னாலிருந்து, பின்னாலிருந்து. மூன்று வீட்டுக்கும் ஒரே நேரத்தில் திரும்பி வந்துவிட்டான் திருடன்!

"முடிஞ்சது" என்றார் சூசைமாணிக்கம். குரலே மாறிவிட்டது. "நர்ஸம்மா, என்னை மன்னிச்சிருங்க. எனக்குத் தெரிஞ்ச வித்தை எல்லாத்தையும் காட்டிட்டேன். ஒரு முடி நுழையாது அதுல. நுழையவே நுழையாது! எப்படி வருதுன்னு தெரியல."

திடலின் வாசலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அப்துல் சுக்கூர் வந்துகொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் அருள்நாதன் முதல் லாரியின் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாஹிரா அழவில்லை. பிரசவ அறையில் எல்லோரும் கத்தும்போது அவள் ஒரு காரியம்தான் செய்வாள். காது கொடுத்துக் கேட்பாள். இப்போதும் அதையேதான் செய்தாள். பானெட்டைத் திறந்துவைத்து, பையிலிருந்து மரக்குழலை எடுத்தாள். ஓடிக்கொண்டிருந்த இஞ்சினின் பக்கத்துத் தகட்டு விளிம்பில் ஒரு முனையை வைத்து, மறுமுனையில் காதை வைத்தாள்.

லாரிக்காரர்கள் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "அண்ணே, காருக்கு எத்தனை மாசமாம்?"

தாஹிரா காதை எடுக்கவில்லை. குழலை முன்பக்க மூடிக்கு நகர்த்தினாள். கேட்டாள். நிமிர்ந்தாள்.

"சூசையண்ணே, எண்ணெய் ஒழுகினா சத்தம் வருமா?"

"எண்ணெய்க்கு ஏதும்மா சத்தம்?"

"இங்க சத்தம் கேக்குது. சீறுது. இட்லிக் கொப்பரை மூடியோரத்துல ஆவி சீறுமே, அந்தச் சத்தம். எண்ணெய் தானா ஒழுகல. உள்ளே இருந்து எதுவோ தள்ளுது."

சூசைமாணிக்கம் அவளையே பார்த்தார். பிறகு இஞ்சினைப் பார்த்தார். பிறகு, மெல்ல, மிக மெல்ல, அவருடைய பார்வை இஞ்சினின் உச்சியில் வெயிலில் ஜொலித்துக்கொண்டிருந்த அந்தப் பித்தளை மூடியில் போய் நின்றது.

"இல்லே" என்றார் வாய்க்குள்.

கைக்குட்டையைச் சுற்றி மூடியைப் பிடித்தார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்று முடியும்போது மூடி அவர் கையை உதறிவிட்டு எகிறியது! ஆளுயரம் பறந்து, சுக்கூர் பாயின் சைக்கிள் மட்கார்டில் டங்கென்று அடித்து மண்ணில் உருண்டது. குழாயின் வாயிலிருந்து சூடான நீலப் புகை குபுகுபுவென்று வெளியேறியது.

"யா அல்லா! வெடிகுண்டா?" என்று சுக்கூர் பாய் துள்ளினார்.

தாஹிரா மறுபடி குழலை வைத்தாள். சீறல் நின்றுபோயிருந்தது. குனிந்து பார்த்தாள். சொட்டு... நீண்ட இடைவெளி விட்டு இன்னொரு சொட்டு... அப்புறம் இல்லை.

சூசைமாணிக்கம் நெற்றியில் அறைந்துகொண்டார். "திருடனை வெளியில தேடிக்கிட்டிருந்தேனே! நான்தான்! நானேதான்!"

"என்னலே உளறுறே?" என்றார் சுக்கூர்.

"பாய், பழைய இஞ்சின் இது. வெடிக்கிற புகையில கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக் கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியே போகத்தான் அந்தப் பழைய தகர மூடியில பொத்தல் வச்சிருந்தான் வெள்ளைக்காரன். நான் அதை ஓட்டை மூடின்னு தூக்கி எறிஞ்சேன். பூட்டு மாதிரி மூடி போட்டேன். உள்ளே அடைபட்ட புகை என்ன செய்யும்? எண்ணெயைத் தள்ளிக்கிட்டு கெடச்ச சந்துல எல்லாம் வருது. சந்தை அடைக்க அடைக்க அழுத்தம்தான் கூடுது. கொஞ்ச நேரம் ஓட்டினா தெரியல. பதினாலு மைல் விரட்டினதும் எல்லாத்தையும் பிச்சுக்கிட்டு வந்துருச்சு."

"அப்ப மூடியை எறிஞ்சிட்டுச் சும்மா நிறுத்து."

"திறந்து கெடந்தா தூசி போகும். இன்ஸ்பெக்டர் விடமாட்டார். இந்த மூடியில பொத்தல் போடணும். கை டிரில் வேணும். பட்டறைக்குப் போயிட்டு வர நேரமில்லே..."

முதல் லாரி கிளம்பிவிட்டது. அருள்நாதன் இரண்டாவது லாரியின் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தார்.

அப்துல் சுக்கூர் தங்கையைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே சேலையைச் செருகிக்கொண்டு, மண்ணெண்ணெய்த் துணியோடு வண்டிக்கு அடியில் படுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை முதுகெல்லாம் மண். சுக்கூர் சைக்கிளைத் திருப்பினார்.

"ஏறுலே பின்னால!"

"பாய், நீங்க..."

"பூட்டுக்காரத் தெரு இங்கேருந்து ரெண்டு பர்லாங். ஏறுன்னா ஏறு!"

திண்டுக்கல்லில் அன்று காலை அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள். பேகம்பூர் தோல் ஷாப் முதலாளி, இருநூறு ராத்தல் ஆள், லுங்கி பறக்கப் பெடலை மிதிக்க, பின் கேரியரில் எண்ணெய் வழியும் ஒரு மெக்கானிக் பித்தளை மூடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சூசைமாணிக்கத்தின் பழைய கூட்டாளி காத்தமுத்து, பட்டறையில் மூடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்ளே, என்னா வேலைடா இது! மரை ஒவ்வொண்ணும் எழுதினாப்ல இருக்கு."

"சுத்திவர ஆறு பொத்தல் போடு. சீக்கிரம்."

"இதுலயா? உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? நான் போடமாட்டேன். பாவம் பிடிச்சுக்கும்."

"அப்ப டிரில்லைக் குடு."

சூசைமாணிக்கமே மூடியை வைஸ் இடுக்கியில் பொருத்தினார். ஒரு கணம் கை நின்றது. அப்புறம் சுற்ற ஆரம்பித்தார். பித்தளைச் சுருள்கள் பொன்னாக உதிர்ந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. காத்தமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறாவது பொத்தல் முடிந்ததும் சூசைமாணிக்கம் சுற்றுமுற்றும் பார்த்து, அடுப்பு மேடையிலிருந்த டீ வடிகட்டியை எடுத்து, கம்பி வலையைப் பிய்த்து மூடிக்குள் திணித்தார்.

"டேய்! என் பொண்டாட்டிக்கு யாருடா பதில் சொல்றது?"

அதற்குள் சைக்கிள் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

*

திடலில் பஸ்ஸும் போய்விட்டிருந்தது.

அருள்நாதன் எம்.டி.யு. 417-இன் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். ஹாரன் அடித்தார். விளக்கு போட்டார். தாஹிரா எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டே கண்ணை வாசல் பக்கம் வைத்திருந்தாள்.

"இஞ்சினைத் திறங்கம்மா."

அவள் பானெட்டின் கொக்கியை ஒவ்வொன்றாக, ரொம்பவும் மெதுவாகக் கழற்றினாள். நாலாவது கொக்கி. அதற்கு மேல் கொக்கி இல்லை.

"சார்! சார்!" சைக்கிள் நிற்கும் முன்பே குதித்து ஓடிவந்தார் சூசைமாணிக்கம். அருள்நாதனுக்கும் இஞ்சினுக்கும் நடுவே புகுந்து, மூன்றரைச் சுற்றில் மூடியைத் திருகிவிட்டு, விலகி நின்று மூச்சு வாங்கினார்.

அருள்நாதன் குனிந்து பார்த்தார். புருவம் ஏறியது.

"போன மாசம் நான் மெச்சின மூடியில்ல இது? பொத்தலே இல்லாம இருந்துச்சே? ஏன்யா கெடுத்தே?"

"போன மாசம் அது பூட்டு சார். இப்பத்தான் மூடி."

அருள்நாதன் தானே ஓட்டுகிறவர் இடத்தில் உட்கார்ந்தார். வண்டியை எடுத்துக்கொண்டு கோட்டை மேட்டில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, இறங்கி வந்து நிறுத்தினார்.

"தாளைப் போடு."

தாள் விரிந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அருள்நாதன் வேப்பமரத்தடிக்கு நடந்தார். டீ வந்தது. ஊதினார். ஒரு வாய் குடித்தார். யாரோ தெரிந்தவர் வந்தார். அவரிடம் மழையைப் பற்றிப் பேசினார். மறுபடி ஊதினார்.

"மனுசனா இவரு?" என்றார் சுக்கூர் பல்லைக் கடித்துக்கொண்டு. "என் வாழ்க்கையில இம்புட்டு நேரம் டீ குடிக்கிற ஆளைப் பாத்ததில்ல."

சூசைமாணிக்கம் கீழே குனியவே இல்லை. வானத்தைப் பார்த்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். தாஹிரா மரக்குழலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டம்ளர் காலியானது. அருள்நாதன் வந்தார். தாளை இழுத்தார். பார்த்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"ஒண்ணுமில்லே" என்றார். முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம். "முப்பது வருஷ வண்டி. ஒரு சொட்டுகூட இல்லே." சூசைமாணிக்கத்தின் பக்கம் திரும்பினார். கண் சுருங்கியது. "யோவ், என்கிட்டயேவா? எண்ணெயே ஊத்தாமக் கொண்டாந்திருக்கியா?"

இதை யாருமே எதிர்பார்க்கவில்லை. சூசைமாணிக்கத்தின் கண் அளவுக் கம்பிக்குப் போனது. காலையிலிருந்து எவ்வளவு ஒழுகியதோ, உள்ளே எவ்வளவு மிச்சமோ!

அருள்நாதன் இஞ்சினை நிறுத்தச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து அளவுக் கம்பியை உருவினார். துடைத்தார். மறுபடி உள்ளே விட்டு உருவி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். எண்ணெய் மேல் கோட்டில் நின்றது.

"நீங்க வர்றதுக்கு முன்னாடியே வண்டியில இருந்த டின்னுலேருந்து குறைஞ்சதை ஊத்திட்டேண்ணே" என்று தாஹிரா மெதுவாகச் சூசைமாணிக்கத்திடம் சொன்னாள். "ரத்தம் போனவளுக்கு முதல் வேலை அதுதானே."

அருள்நாதன் கம்பியைச் செருகிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"எந்த ஊருக்கெல்லாம் போவீங்க நர்ஸம்மா?" என்று கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

"கூப்பிடுற ஊருக்கெல்லாம் சார்."

*

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, சொன்னபடி மதுரையிலிருந்து லாரி வந்து தோல் ஷாப் வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி, "உடைக்க வேண்டிய காரு எங்க பாய்?" என்றான்.

"காரு ஊருக்குப் போயிருக்கு" என்றார் அப்துல் சுக்கூர். "வந்தது வந்தே, ஷெட்டுல இருக்கிற பட்டை மூட்டையை ஏத்தி, அந்தக் கோடியில இருக்கிற கொட்டகையில இறக்கிட்டுப் போ. கூலி தாரேன். பேச்சாயி! அந்த எடத்தைக் கூட்டி விடு. ஒரு ஆணி கெடக்கக்கூடாது. டயர்ல ஏறிடும்."

"மூக்கு ஒழுகுற பொண்ணுக்குத் தனி வீடா?" என்றாள் பேச்சாயி.

"அதெல்லாம் நேத்தே நின்னுபோச்சு. நீ கூட்டு."

பத்தரை மணிக்கு எம்.டி.யு. 417 ஹாரன் அடித்துக்கொண்டு வந்து, சுத்தமான ஷெட்டுக்குள் நுழைந்து நின்றது. மதிலைத் தாண்டிச் சூசைமாணிக்கமும் வந்துவிட்டார். வந்ததும் அவர் கை தானாகப் பித்தளை மூடியின்மேல் போனது. ஆறு பொத்தல் வழியாகவும் இளஞ்சூடான காற்று உள்ளங்கையில் பட்டது. கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றார்.

சுக்கூர் அன்றைய செய்தித்தாளை விரித்து வண்டிக்கு அடியில் தள்ளினார்.

"என்ன பாய், நம்பிக்கை இல்லையா?" என்றார் சூசைமாணிக்கம், கொஞ்சம் புண்பட்டு.

"என் தங்கச்சி ஷெட்டுல்ல இது. தரை அழுக்காகக் கூடாது." தங்கையிடம் திரும்பினார். "பசிக்குதா? நாஷ்டா எடுத்து வச்சிருக்கு. சின்னாளப்பட்டியில என்ன ஆச்சு?"

தாஹிரா இறங்கினாள். காலை ஐந்தரைக்கு ஆள் சைக்கிளில் வந்து கூப்பிட, முகம் கழுவக்கூட நேரமில்லாமல் வண்டியை எடுத்ததில் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆனால் முகம் விடிந்திருந்தது.

"பொண்ணு. சுந்தரம்மா நல்லா இருக்கா" என்றாள். பிறகு, அதைவிடப் பெரிய செய்தியைச் சொல்வதுபோல் நிறுத்திச் சொன்னாள்.

"நான் போனதுக்கு அப்புறம்தாண்ணே பொறந்துச்சு."